என் மகள் கேட்ட கேள்வி

நான் பத்தாவது வரை படிச்சவள். மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் மாணவர் காவல் படையில் சேர்ந்திருக்கிறாள். 2010-ல் கேரளாவில் ஆரம்பிச்ச திட்டம் இது. 2018-ல் நாடு முழுக்கக் கொண்டுவந்தாங்க. எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு அணிவகுப்பு, சாலை விதி, பெண் குழந்தை பாதுகாப்பு, சட்டம் எல்லாம் சொல்லித் தர்றாங்க. "பொட்டப்புள்ளைக்கு போலீசு, கோர்ட்டு எதுக்கு?"ன்னு எங்க அத்தை கேட்டாங்க. எனக்கும் தயக்கம்தான்.

ஒருநாள் சாயந்திரம் மகள் வந்து, "அம்மா, தாத்தா நிலத்துல உனக்கும் பங்கு இருக்குல்ல?"ன்னு கேட்டாள். எனக்குப் பதில் வரலை.

எட்டு வருசம் முன்னாடி அப்பா இறந்த பிறகு, அண்ணன் ஒரு பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார். பதிவு அலுவலகத்தில் "சம்மதமா?"ன்னு கேட்டாங்க. தலையை ஆட்டினேன். அது விடுதலைப் பத்திரம். எனக்குப் படிக்கத் தெரியும், ஆனா வாங்கிப் படிக்கத் தைரியம் வரலை. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்குன்னு தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துடுச்சாம். நான் பிறந்த வருசம் அது! அண்ணனுக்கு விட்டுக்கொடுத்ததில் வருத்தமில்லை. என்ன கொடுக்கிறோம்னு தெரியாமல் கொடுத்ததுதான் வருத்தம்.

இப்போ மகள் வக்கீலுக்குப் படிக்கணும்கிறாள். விசாரிச்சேன். ப்ளஸ் டூ முடிச்சதும் ஐந்து வருசச் சட்டப்படிப்பில் சேரலாம். எந்த குரூப் எடுத்திருந்தாலும் சரி. ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படிச்ச பிள்ளைகளுக்கு அதில் 7.5 சதவீத இடம் தனியா உண்டு. புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாயும் கிடைக்கும். காக்கிச்சட்டை போட ஆசைப்படுற பிள்ளைக்கு, இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுத பத்தாவது தேறி, 18 வயசு ஆகியிருக்கணும். எஸ்.ஐ. ஆக டிகிரி வேணும்.

இன்னொண்ணு, நமக்காக. 1987-ம் வருசச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. போன் நம்பர் 15100. குறிச்சு வச்சுக்கோங்க. அடுத்த வாரம் என் பத்திர நகலை எடுத்துக்கிட்டு நானும் போகப்போறேன். பலன் வருதோ இல்லையோ, இந்தத் தடவை படிச்சுப் பார்த்துட்டுத்தான் பேசுவேன்.

நம்ம சங்கத்துல லோன் பேப்பரைச் சத்தமாப் படிச்ச பிறகுதானே கையெழுத்துப் போடுறோம்? அதே மாதிரி மாசம் ஒரு கூட்டத்தில் ஒரு சட்டத்தைப் பத்திப் பேசுவோம். பள்ளிக்கூடம் போற நம்ம பிள்ளைகளையே வந்து சொல்லச் சொல்வோம்.

எங்க அத்தையும் இப்போ, "பேத்தி, எனக்கும் அந்த நம்பரை எழுதிக் கொடு"ங்கிறாங்க.