மாமாவுக்கு விழுந்த ஐந்து லட்சம்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

வழக்கமா வேலை, இன்டர்வியூ, சம்பளம்னு பேசுவோம். இந்த வாரம் நான் அனுப்பின ஒரே ஒரு 'தம்ஸ் அப்' பத்திப் பேசப் போறேன். அதுக்கு என் குடும்பம் கொடுத்த விலை 62,300 ரூபாய்.

எங்க அம்மா ஊர் குரங்கணி. போடிநாயக்கனூர்ல இருந்து முந்தல் போய், அங்க மூணாறு ரோட்டை விட்டுத் திரும்பினா மலையடிவாரத்துல வரும். டாப் ஸ்டேஷன் ட்ரெக்கிங் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அங்க என் தாய்மாமா ஜீப் ஓட்டறார். விடியறதுக்கு முன்னாடி போடி பக்கத்து ஊர்கள்ல ஆளுங்களை ஏத்திக்கிட்டு, போடிமெட்டு வழியா கேரளா பக்கம் ஏலத்தோட்டத்துல இறக்கி விட்டுட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வருவார். இருபது வருஷமா இதே வேலை.

போடிமெட்டு தாண்டினா கேரளா. அங்க லாட்டரி சட்டப்படியான விஷயம். அந்த அரசாங்கமே 1967-ல இருந்து நடத்துது. நம்ம ஊர்லயும் 1968-ல இருந்து அரசு பரிசுச் சீட்டு இருந்தது, 2003-ல லாட்டரியையே தடை பண்ணிட்டாங்க. அதனால மாமா மாதிரி ஆளுங்களுக்கு லாட்டரிங்கறது ஏமாத்து வேலை இல்ல. பூப்பாறையில டீ குடிக்கும்போது வாங்கற சீட்டு, 2023-ல 40 ரூபா. அடிச்சா அடிக்கட்டும், அவ்வளவுதான்.

2023 செப்டம்பர் 20-ஆம் தேதி ஓணம் பம்பர் குலுக்கல். முதல் பரிசு 25 கோடி. வாளையார்ல வாங்கின டிக்கெட்டுக்கு விழுந்தது. ஜெயிச்சவங்க தமிழ்நாட்டுக்காரங்க நாலு பேர். அந்த வாரம் போடி டீக்கடை பூரா இதே பேச்சு. "நம்மாளுகளுக்கே விழுது மாப்ள"ன்னு மாமா போன்ல சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு. ஏமாத்தறவனுக்கும் இது நல்லா தெரியும். ஒரு நிஜமான செய்தி ஊரெல்லாம் ஓடும்போதுதான் அவன் வலையை விரிப்பான்.

அடுத்த மாசம் மாமாவுக்கு வாட்ஸ்அப்ல கேரளா லாட்டரியை ஆன்லைன்ல வாங்கலாம்னு ஒரு விளம்பரம் வந்தது. 40 ரூபா அனுப்பினார். டிக்கெட் போட்டோ வந்தது. மறுநாளே ஐந்து லட்சம் பரிசுன்னு ஒரு லெட்டர். மேல அரசாங்க முத்திரை, கீழ கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். மாமா அதை எனக்கு அனுப்பினார். கூடவே ஒரு வரி: "மாப்ள, இது சரியா?"

நான் மீட்டிங்ல இருந்தேன். போட்டோவைத் திறக்கக்கூட இல்ல. வழக்கமா வர்ற காலை வணக்கம் படம்னு நினைச்சு ஒரு தம்ஸ் அப் போட்டுட்டு விட்டுட்டேன். குடும்பத்துல இன்ஜினியரிங் படிச்ச ஒரே ஆள், கம்ப்யூட்டர்லயே வேலை பார்க்கறவன் 'சரி'ன்னு சொல்லிட்டான். மாமாவுக்கு வேற என்ன அத்தாட்சி வேணும்?

பணம் எப்படிப் போச்சு

முதல்ல 'ப்ராசஸிங் ஃபீஸ்' 4,800. அப்புறம் 'வருமான வரி முன்பணம்' 15,000. இந்த இடத்துல மாமாவுக்கே சந்தேகம் வந்து, "பரிசுப் பணத்துலயே கழிச்சுக்கங்க"ன்னு சொல்லியிருக்கார். சரியான கேள்வி. அதுக்கு அவங்க வாதாடல. ஒரு செக்கைக் கூரியர்ல அனுப்பி வச்சாங்க. மாமா பேருக்கு, 5,00,000 ரூபாய்க்கு.

மாமா அதை பேங்க்ல போட்டார். மறுநாள் போடிக்கு வந்து பாஸ்புக்கைப் பதிஞ்சு பார்த்தா, ஐந்து லட்சம் வரவு. அச்சுல இருக்கு. அந்த நேரம் பார்த்து போன்: "சார், பணம் வந்துடுச்சு பாருங்க. ஜிஎஸ்டி 42,500 இன்னைக்கே கட்டலைன்னா பரிசு ரத்தாயிடும்." அத்தையோட செயினை அடகு வச்சு, ரெண்டு தவணையா யுபிஐ-ல அனுப்பிட்டார்.

அடுத்த நாள் செக் திரும்பிடுச்சு. ஐந்து லட்சமும் கணக்குல இருந்து போயிடுச்சு. மேல செக் ரிட்டர்ன் சார்ஜ் வேற.

இங்க என்ன நடந்ததுன்னு புரிஞ்சுக்கணும். ஏன்னா படிச்சவங்களும் விழற இடம் இதுதான். நீங்க செக்கைப் போட்டதும் பேங்க் அதை ஸ்கேன் பண்ணி, அந்தப் படத்தை கிளியரிங் மூலமா செக் கொடுத்தவரோட பேங்க்குக்கு அனுப்பும். அவங்க கையெழுத்து, கணக்கு, இருப்பு எல்லாம் பார்த்து 'சரி'ன்னு சொன்னாத்தான் அது உங்க பணம். அதுவரைக்கும் கணக்குல ஒரு எண் தெரியலாம். அது 'கிளியர் ஆகாத' தொகை. எடுக்க முடியாது. பதிவுல வரவு வர்றது வேற, பணம் கைக்கு வர்றது வேற.

2025 அக்டோபர் 4-ல இருந்து ரிசர்வ் வங்கி இந்த கிளியரிங்கை வேகப்படுத்தியிருக்கு. வேலை நாள்ல காலையில போட்ட செக்குக்கு அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் வந்துடும். அதனால "கிளியர் ஆக பத்து நாள் ஆகும், அதுக்குள்ள நீங்க இதைக் கட்டுங்க"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சந்தேகம்னா பேங்க்ல ஒரே கேள்வி கேளுங்க: "இந்தத் தொகை கிளியர் ஆயிடுச்சா? நான் இப்ப எடுக்கலாமா?"

அமெரிக்காவுல படிக்கற நம்ம ஃப்ரெண்ட்ஸுக்கு இது இன்னும் ஆபத்து. அங்க செக் முழுசா சரிபார்க்கப்படறதுக்கு முன்னாடியே ஒரு பகுதியை எடுக்க விடணும்னு சட்டமே இருக்கு. பார்ட் டைம் வேலைன்னு சொல்லி செக் அனுப்புவாங்க, "கொஞ்சம் அதிகமா போட்டுட்டோம், மிச்சத்துக்கு கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்பு"ன்னு கேட்பாங்க. நீங்களும் எடுத்து அனுப்பிடுவீங்க. செக் போலின்னு தெரிய வாரக்கணக்காகலாம். அப்ப மொத்தத் தொகையையும் பேங்க் உங்ககிட்டதான் கேட்கும்.

"என்கிட்ட செக் புக்கே இல்லையே"ன்னு சிரிக்கறவங்களுக்கு: உங்களுக்கு வர்றது எஸ்எம்எஸ். "உங்க கணக்கில் 20,000 வரவு வைக்கப்பட்டது." உடனே ஒரு போன், "ஹாஸ்பிடல் பணம் அண்ணா, தவறிப்போய் உங்களுக்கு அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க." மெசேஜ் பேங்க்ல இருந்து வந்திருக்காது, ஏதோ ஒரு பத்து இலக்க நம்பர்ல இருந்து வந்திருக்கும். மாமாவோட செக்கும் இந்த எஸ்எம்எஸ்ஸும் ஒரே தந்திரம். வராத பணத்தை வந்த மாதிரி காட்டி, உங்ககிட்ட இருக்கற நிஜப் பணத்தை வாங்கிக்கறது. மெசேஜைப் பார்க்காதீங்க, பேங்க் ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்க. பணம் நிஜமாவே தவறி வந்திருந்தாலும் நீங்களா திருப்பி அனுப்ப வேணாம். உங்க பேங்க்ல சொல்லுங்க, அவங்க முறைப்படி பார்த்துப்பாங்க.

நிஜ லாட்டரி எப்படி இருக்கும்

2022-ல ஓணம் பம்பர் 25 கோடி திருவனந்தபுரத்துல ஒரு ஆட்டோ டிரைவருக்கு விழுந்தது. ஏஜென்ட் கமிஷன் பத்து சதவீதம் போச்சு. மிச்சத்துல 30 சதவீதம் வருமான வரி. கைக்கு 15 கோடியே 75 லட்சம்னு செய்தியில வந்தது. இதுல கவனிக்க வேண்டியது, அவர் முன்கூட்டி எதுவும் கட்டல. வரியை அரசாங்கம் பரிசுல இருந்தே பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுக்கும். "பரிசை வாங்க வரி கட்டு"ன்னு கேட்டா, பரிசே இல்லைன்னு அர்த்தம்.

கேரளா லாட்டரி காகித டிக்கெட் மட்டும்தான். ஆன்லைன் விற்பனை கிடையாது. பரிசு கேட்க ஒரிஜினல் டிக்கெட் உங்க கையில இருக்கணும். 'கேரளா மெகா மில்லியன் லாட்டரி', 'கேரளா சம்மர் சீசன் தமாக்கா' மாதிரி பேர்கள்ல வந்ததெல்லாம் போலின்னு கேரளா போலீஸே எச்சரிச்சிருக்கு. கோன் பனேகா கரோர்பதி பேர்ல 25 லட்சம்னு வர்ற வாட்ஸ்அப்பும் இதே குடும்பம்தான். அதுல டிக்கெட்கூட வாங்கியிருக்க மாட்டோம்! வெளிநாட்டு லாட்டரின்னா, அதுல சேர பணம் அனுப்பறதே அந்நியச் செலாவணி சட்டப்படி தடை. ரிசர்வ் வங்கி பேர்ல லெட்டர் வந்தா, ரிசர்வ் வங்கி தனி ஆளுங்களுக்குக் கணக்கே வைக்கறதில்லைங்கறதை ஞாபகம் வச்சுக்கங்க.

போனதுக்கு அப்புறம்

மாமா ஒன்பது நாள் யார்கிட்டயும் சொல்லல. அத்தைகிட்டயும் சொல்லல. அடகுச் சீட்டு அத்தை கையில சிக்கினப்பதான் விஷயம் வெளிய வந்தது. நான் வெள்ளிக்கிழமை ராத்திரி போடி ட்ரெயின் ஏறி ஊருக்குப் போனேன். மாமா ஜீப்பைத் துடைச்சிட்டே இருந்தார், என் முகத்தைப் பார்க்கல. "ஏன் மாமா என்கிட்ட சொல்லல?"ன்னு கேட்டேன். "உங்கிட்ட கேட்டுத்தான மாப்ள அனுப்பினேன்"ன்னார். திட்டல, குறை சொல்லல. அப்பத்தான் நான் பழைய சாட்டைத் திறந்து பார்த்தேன்.

அந்த ஒன்பது நாள்தான் பெரிய நஷ்டம். நீங்க அனுப்பின பணம் முதல் கணக்குல கொஞ்ச நேரம்தான் இருக்கும். அங்கிருந்து நாலஞ்சு கணக்குக்குப் பிரிஞ்சு ஏடிஎம்ல வெளிய போயிடும். எல்லாம் வாடகைக்கு எடுத்த கணக்குகள். 1930-க்கு போன் பண்ணா, அந்த சங்கிலியில எங்க பணம் நிக்குதோ அங்க பேங்க் அதை முடக்கி வைக்கும். முதல் ஒரு மணி நேரத்துல சொன்னா வாய்ப்பு அதிகம். ஒன்பது நாள் கழிச்சு சொன்ன எங்களுக்கு, ஒரு கணக்குல 7,100 ரூபா முடங்கி நின்னது. கோர்ட் உத்தரவு வாங்கி அது கைக்கு வர எட்டு மாசம் ஆச்சு. மிச்சம் போனது போனதுதான்.

அதனால வரிசையா சொல்றேன், எழுதி வச்சுக்கங்க.

ஒண்ணு, உடனே 1930. காரணம் தேட வேணாம், வெட்கப்பட வேணாம். போன் பண்ணும்போது பணம் போன தேதி, நேரம், தொகை, யுபிஐ பரிவர்த்தனை எண் கையில இருக்கட்டும்.

ரெண்டு, உங்க பேங்க்குக்கு எழுத்துல புகார். புகார் எண் கட்டாயம் வாங்குங்க. ரிசர்வ் வங்கியோட 2017 சுற்றறிக்கைப்படி, ஓடிபி, பின் மாதிரி விஷயங்களை நீங்களே கொடுத்துப் போன பணத்துக்கு, நீங்க சொல்ற நேரம் வரைக்கும் நஷ்டம் உங்களோடது. நீங்க சொன்னதுக்கு அப்புறம் போனா பேங்க்கோடது. அதனால சீக்கிரம் சொல்றது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

மூணு, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்துல புகார் பதிவு. சாட், லெட்டர், கூரியர் கவர், திரும்பின செக் எதையும் அழிக்காதீங்க, தூக்கிப் போடாதீங்க. மாமா அவமானத்துல பாதி சாட்டை டெலீட் பண்ணிட்டார். அதுல ரெண்டு நம்பர் போச்சு.

நாலு, பேங்க் 30 நாள்ல பதில் சொல்லலைன்னா ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம். கட்டணம் இல்ல.

அஞ்சு, ரெண்டாவது தடவை ஏமாறாதீங்க. புகார் கொடுத்த ரெண்டு மாசத்துல மாமாவுக்கு ஒரு போன்: "சைபர் செல்ல இருந்து பேசறோம், உங்க பணம் கிடைச்சிடுச்சு, 3,000 கட்டினா விடுவிப்போம்." ஏமாந்தவங்க நம்பர் பட்டியலே விற்பனைக்குப் போகும். போன பணத்தை மீட்டுத் தர போலீஸ் உங்ககிட்ட காசு கேட்காது. இந்தத் தடவை மாமா போனை என்கிட்ட கொடுத்தார்.

கடைசியா, கேட்டுட்டு இருக்கற நமக்கு. பெரியவங்களுக்கு போன் பாதுகாப்பு பத்தி நாம நிறைய கிளாஸ் எடுக்கறோம். ஆனா மாமா செய்ய வேண்டியதைச் செஞ்சார். சந்தேகம் வந்தது, தெரிஞ்ச ஆளைக் கேட்டார். தெரிஞ்ச ஆள் பார்க்கல. வீட்டுல யாராவது ஒரு போட்டோவை அனுப்பி "இது சரியா?"ன்னு கேட்டா, திறந்து பாருங்க. நேரம் இல்லைன்னா "நான் கூப்பிடற வரைக்கும் எதுவும் பண்ணாதீங்க"ன்னு ஒரு வரி போடுங்க. அவங்க ஏற்கெனவே ஏமாந்திருந்தா, "எப்படி இதை நம்பினீங்க?"ன்னு ஆரம்பிக்காதீங்க. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மாமா ஒன்பது நாள் வாயைத் திறக்கல.

அத்தை செயினை நான் மீட்டுக் கொடுத்துட்டேன். மாமா இன்னும் பூப்பாறையில சீட்டு வாங்கறார், காகிதத்துல, கடையில. ஆனா புதுசா ஏதாவது மெசேஜ் வந்தா எனக்கு வரும். வந்தா, மீட்டிங்ல இருந்தாலும் வெளிய வந்து கூப்பிடறேன்.

இந்த எபிசோடை உங்க வீட்டு குரூப்ல போடுங்க. 1930-ஐ அம்மா அப்பா போன்ல நீங்களே சேவ் பண்ணிக் கொடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.