நீராவி யானை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மெட்ரிகுலேஷன் வரை மட்டுமே பயின்று, இரயில்வே அலுவலகத்தில் கோப்பு எழுதும் எமக்கு விஞ்ஞானக் கதைகளைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் எண்ணலாம். நீராவி இஞ்சினில் கரி அள்ளிப் போட்டவரின் மக்கள் யாம். அதுவே எம் தகுதி.

பிரெஞ்சு ஆசிரியர் ஜூல்ஸ் வெர்ன் 1880-ஆம் ஆண்டில் 'நீராவி வீடு' என்னும் நாவலை வெளியிட்டார். கதை நிகழும் இடம் நம் பாரத நாடு, காலம் 1867. எஃகினாற் செய்த யானையொன்று, தும்பிக்கை வழியே புகை கக்கிக்கொண்டு, தண்டவாளமின்றியே, வீடு போன்ற இரண்டு வண்டிகளைக் கல்கத்தாவிலிருந்து வடக்கு நோக்கி இழுத்துச் செல்கிறது. இந்நாட்டைக் கண்ணாற் காணாதவர் கண்ட கனவு அது! அவர் பிறந்த நான்த் நகரில், 2007-ஆம் ஆண்டு, 12 மீட்டர் உயரமுள்ள இயந்திர யானையொன்றைச் செய்து, மக்களை ஏற்றி உலாவச் செய்தனர்.

இத்தகைய கதைகளுக்கு 'ஸ்டீம்பங்க்' என்னும் பெயரை 1987-இல் ஜீட்டர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் சூட்டினார். சார்லஸ் பாபேஜ் 1840-களில் வரைந்து, தம் வாழ்நாளில் செய்து முடிக்கவியலாத கணக்குப் பொறியை, இலண்டன் விஞ்ஞானக் காட்சிச்சாலையினர் 1991-இல் செய்து இயக்கிக் காட்டினர். அது பிழையின்றிக் கணக்கிட்டது.

நீராவி வழக்கொழிந்த பின்னரும் இக்கதைகள் நம் மனத்தை ஈர்ப்பது ஏன்? பற்சக்கரம் பற்சக்கரத்தைச் சுழற்றுவதைக் கண் காண்கிறது. பழுது எங்கே என்று கை அறிகிறது. இன்றைய கைப்பேசியோ மூடிய பெட்டி. அதன் உள்ளே நிகழ்வதை நாம் காண முடிவதில்லை. காரணம் கண்டறியும் ஆசை மனிதனை விட்டு நீங்குவதில்லை.

ஆயினும் ஒன்றை மறவாதிருப்போம். வெர்னின் யானையை ஓட்டுபவர் ஆங்கிலேயர். கரியிடுபவனோ காலூத் என்னும் இந்தியன். கொதிகலனின் வெம்மையைத் தாங்கவல்ல உடல்வாகுடையவன் என்று ஆசிரியர் அவனை எளிதாகச் சொல்லிச் செல்கிறார். எம் தந்தையாரின் முன்கைகளில் இருந்த தீத்தழும்புகளைக் கண்ட எமக்கு, அவ்வரியைக் கடந்து செல்ல இயலவில்லை. அவர் வெம்மையைத் தாங்கவில்லை. குடும்பத்தின் பொருட்டுப் பொறுத்துக்கொண்டார். அகலப் பாதையில் நீராவி 1995-இல் ஓய்ந்தபோது ஊரார் வருந்தினர். அவரோ, "நல்லதாயிற்று" என்று ஒரே சொல் சொன்னார்.

அன்பர்களே! இல்லத்தில் நின்றுபோன சாவிக் கடிகாரம் இருக்குமாயின், விடுமுறை நாளில் பிள்ளைகளை அருகிலிருத்திப் பின்மூடியைத் திறந்து காட்டுங்கள். சக்கரங்களின் அழகைச் சொல்லுங்கள். அச்சக்கரங்களைச் சுழலச் செய்த கைகளின் கதையையும் உடன் சொல்லுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!