பந்தியில் விடுபட்டவர்கள்



எருசலேமின் தொடக்கத் திருச்சபையில் எழுந்த ஒரு முணுமுணுப்பைத் திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. நாள்தோறும் நடந்த பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படாமல் போனார்கள். விசுவாசிகள் ஒரே உள்ளத்தோடு வாழ்ந்தார்கள் என்று முந்தைய பக்கங்களில் வாசித்துவிட்டு வரும் நமக்கு இது சற்று அதிர்ச்சிதான். யாரும் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியவில்லை. ஊரில் உறவு குறைவு, மொழியும் வேறு. யார் கண்ணிலும் படாமலே போயிருக்கலாம்.

திருத்தூதர்கள் பந்தியை நிறுத்தவில்லை. எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்று சாதிக்கவும் இல்லை. சபையார் தேர்ந்தெடுத்த ஸ்தேவான், பிலிப்பு முதலான எழுவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஏழு பேருடைய பெயரும் கிரேக்கப் பெயர். முறையிட்டவர்களின் மொழி தெரிந்தவர்கள் கைக்கே கரண்டி போயிற்று என்று சொல்லலாம்.

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்று பேசும்போது, ரேஷன் கடைப் பேச்சு வராத ஞாயிறு குறைவு. வண்டியில் வந்து இலவச அரிசி வாங்குகிறார்கள், அதை மாட்டுக்குப் போடுகிறார்கள், மாநில எல்லை தாண்டிக் கடத்துகிறார்கள் என்று குறை சொல்கிறோம். (இட்லிக்கு அந்த அரிசிதான் நன்றாக வருகிறது என்று வாங்குவோரும் நம்மில் உண்டு, அது இருக்கட்டும்.) கடத்தல் உண்மை. பொதுப்பணம் வீணாவதும் உண்மை. இதைச் சீர்திருத்த வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எங்கிருந்து தொடங்குவது?

1997இல் மத்திய அரசு குடும்பங்களை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்து ரேஷன் வழங்கச் சொன்னது. தமிழ்நாடு அப்படிப் பிரிக்காமல் கடையை எல்லாருக்கும் திறந்தே வைத்தது. 2011 ஜூன் முதல் அரிசி இலவசமாயிற்று. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஏற்றபோதும் அந்த வழக்கம் மாறவில்லை. கருவூலத்துக்கு இது பெரும் செலவு. குறை சொல்வோரிடம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் கோடு போட்டுப் பிரித்தால் முதலில் வெளியே நிற்பவர் யார் என்று பாருங்கள். பட்டியலில் பெயர் சேர்க்கச் சான்றிதழ் வேண்டும், அலுவலக நேரத்தில் போக வேண்டும், ஒரு நாள் கூலியை விட வேண்டும். வசதியுள்ளவர் இதையெல்லாம் சமாளித்துவிடுவார். தவறானவருக்குப் பத்துக் கிலோ போவதைவிட, உரியவர் வெறும் பையோடு திரும்புவது பெரிய தவறு என்பது நம் எண்ணம்.

2020 அக்டோபரில் நம் கடைகளுக்கு விரல்ரேகைக் கருவி வந்தது. அதைப் பழிக்க மாட்டோம். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டவர் பழைய கடைக்கு அலையாமல் பக்கத்துக் கடையில் வாங்கலாம். வெளிமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவரும் தம் ஊர் அட்டையைக் காட்டி அரிசி, கோதுமை பெறலாம். நல்ல சீர்திருத்தம்தான். அதே கருவி, நாற்பது ஆண்டு பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோன விரலைப் படிக்க மறுக்கிறது. படுக்கையில் கிடப்பவரின் விரலோ கடைக்கே வருவதில்லை. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம், 70 வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுசெல்ல முனைந்தது. விடுபட்டவரைத் தேடிப் போன திருத்தம் அது.

மகளிர் உரிமைத் தொகையையும் நினைத்துப் பார்ப்போம். 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியது; ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் போயிற்று. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்பு வைத்தார்கள். வரம்பே தவறு என்று சொல்ல மாட்டோம். ஆனால் நம் பகுதியில் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும் வீடுகள் எத்தனை! மேல்முறையீட்டுக்கு வழி வைத்தது சரியே. அந்த மனுவை எழுதத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தாரா என்பதுதான் கேள்வி.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில், எல்லாவற்றையும் அரசே செய்யும் ஏற்பாடு பெரும் அலுவலகக் கூட்டமாக வளர்ந்துவிடுவதைக் கடிந்துகொண்டார். தேவையை அருகில் இருப்பவரே நன்றாக அறிவார் என்றும் சொன்னார். உதவியைக் குறைக்க இதைச் சாக்காகக் காட்டுவோர் உண்டு. அருகில் இருப்பவர் என்றால் அது நாம்தானே? 1833இல் பாரிசில் 20 வயது மாணவரான பிரெடரிக் ஓசானாம் நண்பர்களோடு ஏழைகளின் வீட்டுப் படியேறினார். அதில் பிறந்த வின்சென்ட் தே பவுல் சபை நம் பங்குகளிலும் இருக்கிறது. அந்தச் சபையார் கொண்டுபோகும் அரிசிப் பை சிறியது. ஆனால் எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த மாத அன்பியக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்போம்: நம் தெருவில் அட்டை இருந்தும் பொருள் வாங்க முடியாதவர் யார்? கடைக்கு வர இயலாதவர், தமக்காக இன்னொருவர் வாங்க அனுமதி தரும் படிவம் உண்டு. அதை நிரப்பவும், தேவைப்பட்டால் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு ஒரு முறைக்கு இரு முறை போய் வரவும், கூலி இழக்காத ஓர் ஆள் வேண்டும். பணி ஓய்வு பெற்றவர்களுக்கு நம் பங்கில் குறைவில்லை.