தெரிந்த கணக்கில் தோற்கும் பிள்ளை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்றுதான் செயலாளர் சொன்னார். நான் பேசப்போவது ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் கணக்கைப் பற்றி. பொறியியல் கல்லூரியில் இது எதற்கு என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் விஷயம் நம் கல்லூரி வாசலுக்கே வந்து நிற்கும். செயலாளர் மனம் கோணாமல் இருக்க, முதலில் ஒரு மோட்டாரிலிருந்து தொடங்குகிறேன்.

10 ஹெச்.பி. இண்டக்ஷன் மோட்டார் ஒன்றை 1 ஹெச்.பி. வேலைக்குப் போட்டால் என்ன ஆகும்? எலக்ட்ரிக்கல் நண்பர்களைக் கேட்டால் சொல்வார்கள். பவர் ஃபாக்டர் விழும், எஃபிஷியன்சி விழும். மீட்டரை மட்டும் பார்க்கிறவன் "மோட்டார் சரியில்லை" என்பான். ஆனால் நாம் அதைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்புவோமா? மாட்டோம். "லோடு என்ன?" என்றுதான் முதலில் கேட்போம். மோட்டாருக்குக் கேட்கிற இந்தக் கேள்வியைப் பிள்ளைகளுக்கு நாம் கேட்பதில்லை.

என் அக்கா மகன் ஐந்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 54 வாங்கினான். ரேங்க் கார்டில், "புத்திசாலி. கவனக்குறைவு. முயற்சி தேவை" என்று எழுதியிருந்தது. அக்காவின் புலம்பல், "இவனுக்கு மூளை இருக்குடா, பொறுப்புதான் இல்ல."

அவனுடைய வீட்டுப்பாட நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரே மாதிரிப் பெருக்கல் கணக்குகள் 20. முதல் எட்டும் சரி. ஒன்பதாவதிலிருந்து தப்பு ஆரம்பிக்கிறது. கடைசி ஐந்தைத் தொடவே இல்லை. பெருக்கத் தெரியாதவன் முதல் கணக்கிலேயே தப்பு செய்வான். இவன் போகப்போகத் தப்பு செய்திருக்கிறான்.

"உனக்கு இது தெரியாதாடா?"

"தெரியும் மாமா."

"அப்புறம் ஏன் தப்பு?"

"அதான் தெரியுமே மாமா, அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்பப் போடணும்?"

அதே வாரம் அவன் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தான். மாதக் காலண்டரில் நான்கு தேதிகளைச் சதுரமாகச் சேர்த்துக் கட்டம் போடுவது. உதாரணமாக 12, 13, அவற்றின் கீழே 19, 20. குறுக்காகப் பெருக்கினால் 12 × 20 = 240; 13 × 19 = 247. வித்தியாசம் 7. எந்த இடத்தில் கட்டம் போட்டாலும் 7 வருகிறது. ஏன் என்பதுதான் அவன் கேள்வி. அதற்காகக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் முழுவதும் ஈரிலக்கப் பெருக்கல் போட்டு வைத்திருந்தான். ஒன்றுகூடத் தப்பில்லை. நோட்டில் பள்ளிக்காகப் போட்டால் தப்பாகிற பெருக்கல், தாளில் தனக்காகப் போட்டால் சரியாக வருகிறது. கோளாறு மோட்டாரில் இல்லை, லோடில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அளவீடு வேண்டும்?

இங்கே ஒரு எச்சரிக்கை. குறைந்த மதிப்பெண் வாங்குகிற ஒவ்வொரு பிள்ளையும் மறைந்திருக்கும் மேதை என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பாடம் புரிந்திருக்காது. அவர்களுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சிலருக்குக் கரும்பலகை சரியாகத் தெரியாது. கண்ணாடி போட வேண்டும். இன்னும் சிலர் அறிவில் கூர்மையாக இருப்பார்கள், ஆனால் எழுத்துக் கூட்டுவதிலும் எழுதுவதிலும் தடுமாறுவார்கள். அது டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் இவற்றையெல்லாம் பார்த்துவிட வேண்டும்.

பார்த்த பிறகும், பிள்ளைக்குப் பாடம் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்று உறுதியானால் என்ன செய்வது? வழக்கமாக நாம் செய்வது, "தப்பான கணக்கைப் பத்துத் தடவை எழுதிக்கொண்டு வா" என்பது. இதைத்தான் செய்யக்கூடாது என்கிறேன். லோடு குறைந்ததால் வந்த கோளாறுக்கு லோடை இன்னும் குறைப்பது மருந்தாகாது.

அவனுடைய வகுப்பு டீச்சரிடம் அக்காவும் நானும் போய்ப் பேசினோம். நல்லவேளையாக, காது கொடுத்துக் கேட்கிற டீச்சர். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவனுக்கென்று தனிப் பாடம் நடத்த முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அது நியாயம். அதனால் அவருக்கு வேலை கூடாத ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். 20 கணக்கில் கடினமான கடைசி 5 கணக்கை அவன் முதலில் போட வேண்டும், வழிமுறையோடு, சுத்தமாக. அவற்றில் நான்காவது சரியாக இருந்தால் மீதி 15 வேண்டாம். இல்லையென்றால் 20ம் போட வேண்டும். மிச்சமாகும் நேரத்தில், அதே பாடத்தில் கொஞ்சம் கடினமான கேள்வி ஒன்று. வகுப்பில் யார் வேண்டுமானாலும் இந்த வழியில் வரலாம் என்று டீச்சரே சேர்த்துக்கொண்டார். இவனுக்கு மட்டும் சலுகை என்ற பேச்சுக்கு அதனால் இடமில்லாமல் போயிற்று.

முதல் கடினக் கேள்வியாக அவனுடைய காலண்டரையே கொடுத்தோம். நான்கு தேதிக் கட்டத்துக்கு 7 வருகிறது. மூன்று வரிசை, மூன்று நிரலாக ஒன்பது தேதிக் கட்டம் போட்டு நான்கு மூலைகளையும் குறுக்கே பெருக்கினால்? 28. பதினாறு தேதிக் கட்டத்துக்கு? 63. அதாவது 7ஐ 1, 4, 9 ஆகியவற்றால் பெருக்கியது. ஏன் என்று எழுதிக் காட்டு என்றோம். ஒரு வாரம் திணறினான். "மனசுலயே வச்சுக்க முடியல மாமா, எழுதினாத்தான் வருது" என்றான். இரண்டு வருடமாக எல்லோரும் "ஸ்டெப் எழுது, ஸ்டெப் எழுது" என்று தலைபாடாக அடித்துக்கொண்டும் வராத பழக்கம், மனதில் அடங்காத கணக்கு ஒன்று எதிரில் வந்ததும் தானாக வந்தது. சுலபமான கணக்கில் ஸ்டெப் வெறும் சடங்கு. கடினமான கணக்கில் அதுதான் கைப்பிடி.

ஆண்டுத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கினான் என்று சொன்னால் சினிமாவாகிவிடும். வாங்கியது 71. கையெழுத்து இன்னும் கோழி கிளறினது மாதிரிதான். ஆனால் நோட்டில் போடாமல் விட்ட கணக்கு இல்லை. காலையில் பள்ளிக்கூடம் என்றால் வயிற்றுவலி என்பதும் நின்றது.

இது எங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் லீட்டா ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளர் 1920களிலேயே நியூயார்க் பள்ளிகளில் இத்தகைய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைத்துப் பார்த்தார். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு உழைக்கும் பழக்கம் எங்கிருந்து வரும் என்பதே அவருடைய கவலை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் ஸ்டான்லி 1972ல், ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வையே வைத்தார். எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அந்த வகுப்புத் தேர்வு காட்டாது என்பதுதான் காரணம். 10 வோல்ட் மீட்டரை வைத்து 230 வோல்ட்டை அளக்க முடியுமா? கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் சாலி ரெய்ஸ் குழுவினர் 1993ல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்தெடுத்த திறமையான பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை ஆசிரியர்கள் குறைத்தார்கள். அதனால் அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் குறையவில்லை.

நம் ஊரிலும் முன்மாதிரி உண்டு. ரிஷிவேலி முறையைப் பார்த்து, 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08ல் தமிழ்நாடு முழுவதும் 1 முதல் 4ஆம் வகுப்பு வரை செயல்வழிக் கற்றல் வந்தது. கற்றல் ஏணியில் ஒரு அட்டையை முடித்த பிள்ளை, பக்கத்துப் பிள்ளைக்காகக் காத்திராமல் அடுத்த அட்டைக்குப் போகலாம் என்றிருந்தது. அந்தத் திட்டத்தில் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் "தெரிந்ததைத் தாண்டிப் போ" என்ற அனுமதி அதில் இருந்தது.

"ராமானுஜன் ஃபெயிலானவர்தானே" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அந்தக் கதையை முழுதாகப் பார்க்க வேண்டும். 1904ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணிதத்தைத் தவிர மற்றதைக் கவனிக்காததால் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. 1913ல் ஹார்டிக்குக் கடிதம் எழுதும் வரை பட்ட பாடு கொஞ்சமா? அவருக்கே கேம்பிரிட்ஜ் போன பிறகு நிரூபணத்தை முறையாக எழுதும் பயிற்சி தேவைப்பட்டது. எனவே திறமையான பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிடுவதும் உதவி ஆகாது. கடினமானதைக் கொடுக்கவும் வேண்டும், முறையாக எழுத வைக்கவும் வேண்டும்.

இப்போது கல்லூரி வாசலுக்கு வருகிறேன். தம்பி தங்கைகளே, உங்களில் பலர் பள்ளியில் பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் புத்தகத்தைத் திறந்து சென்டம் வாங்கியவர்கள். முதல் செமஸ்டரில் மேத்ஸ் வந்து முகத்தில் அறைகிறது. வாழ்க்கையில் முதன்முறையாகப் புரியாத ஒன்று. அரியர் விழுகிறது. அப்போது, "நான் உண்மையில் புத்திசாலி இல்லையோ" என்று உடைந்துபோகிற பையன்களை ஹாஸ்டலில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிலர் மீளவே இல்லை. அவர்களுக்கு மூளை குறைவாக இருக்கவில்லை. பன்னிரண்டு வருடப் பள்ளியில் திணறுவதற்கு ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சுலபமான பாடம் பறிப்பது மதிப்பெண்ணை மட்டுமல்ல. திணறினாலும் தாங்கும் பழக்கத்தை வளரவிடாமல் செய்துவிடுகிறது. அரியர் வைத்திருக்கிற தம்பி யாராவது இங்கே இருந்தால் அவருக்கு ஒன்று சொல்கிறேன். திணறுவது உங்கள் திறமை தீர்ந்துபோனதற்கு அடையாளம் அல்ல. இப்போதுதான் உங்களுக்குச் சரியான லோடு வந்திருக்கிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பக்கத்துப் பள்ளிகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம், நல்லது. அதோடு சனிக்கிழமை ஒரு மணி நேரம், நம் மாணவர்கள் இரண்டிரண்டு பேராகப் போய், பாடப் புத்தகத்தில் இல்லாத கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதிவைத்து உட்காரட்டும். பரிசு வேண்டாம், ரேங்க் வேண்டாம். யார் விடாமல் மல்லுக்கட்டுகிறார்கள் என்று பார்த்து ஆசிரியரிடம் சொன்னால் போதும். கடைசி பெஞ்சிலிருந்து யாராவது எழுந்து வரக்கூடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் போய்ப் பேச ஒரு மாமா இருப்பார். அப்படி யாரும் இல்லாத பிள்ளைக்கு இந்தக் கல்லூரி மாமாவாக இருக்கட்டும்.