டாக்டர் பதிவைப் புதுப்பித்திருக்கிறாரா?

உங்க மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பவரிடம் கால்நடை மருத்துவப் பட்டம் இருந்தால் மட்டும் போதாது. 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி, அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதை 5 ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் செலுத்திப் புதுப்பிக்கவும் வேண்டும். தவறினால் பெயரை நீக்கலாம்.

அது டாக்டர் பாடு, நமக்கென்ன என்கிறீர்களா? கறவை மாடு இறந்துபோய், காப்பீட்டுத் தொகை கேட்கிறீர்கள் என்று வையுங்கள். இறப்புச் சான்றில் கையெழுத்திடும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்குத்தான். கையெழுத்து செல்லாவிட்டால் நஷ்டம் உங்களுக்கு!

அதனால் சான்றைக் கையில் வாங்கும்போதே பெயருக்குக் கீழே பதிவு எண் இருக்கான்னு பாருங்க. இல்லையென்றால் கேளுங்க. முறையாகப் புதுப்பித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சந்தேகம் தீரவில்லையா? மாநிலக் கால்நடை மருத்துவ கவுன்சிலில் அந்த எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். சான்றை செல்போனில் ஒரு படமும் எடுத்து வைச்சுக்குங்க.