பஞ்சப்படியும் பலசரக்குக் கணக்கும்

(நாகபுரியில் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விலைவாசி ஏற்றத்தைக் குறித்துச் சில சொல்லுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பொருளாதாரம் கற்றோர் பேச வேண்டிய பொருள் இது. நாமோ பள்ளியிறுதி வகுப்போடு நின்று, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதுவோர். ஆயினும் மாதக் கடைசியில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்த அனுபவம் நமக்கு நிறைய உண்டு. அதனையே ஈண்டுக் கூறுவோம்.

காலனியில் நாம் இன்னமும் பஞ்சப்படி என்று வழங்கும் அகவிலைப்படி, ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரு தவணையாகக் கணக்கிடப்படுகிறது. தொழிலாளருக்கான விலைக் குறியீட்டெண்ணின் பன்னிரண்டு மாதச் சராசரியே அதற்கு அளவுகோல். விலை ஒரே வாரத்தில் ஏறிவிடுகிறது. சராசரியோ மெல்ல நடந்து வருகிறது. 2023 ஜூலையில் தக்காளி பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிற்று. அம்மாதம் நாட்டில் உணவுப் பொருள்களின் விலையேற்றம் நூற்றுக்கு 11-க்கும் மேல். அந்த ஜூலைக்குரிய படி, அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 42 என்பதிலிருந்து 46 ஆயிற்று என்ற அறிவிப்பு அக்டோபரில்தான் வந்தது. அதுவரை நம் வீட்டு ரசம் புளியை மட்டுமே நம்பி வாழ்ந்தது.

இத்தகைய காலங்களில் இல்லங்களில் எவை குறைகின்றன? முதலில் வார இதழ் நிற்கும், பின்னர்ப் பழம். அதன் பின்னர் ஊர்ப் பயணம். பாஸ் கையில் இருந்தும், உறவினர் வீட்டில் வெறுங்கையோடு சென்று இறங்க இயலுமா? இறுதியில் இல்லத்தரசியார், "எனக்கு இப்போதெல்லாம் பால் பிடிப்பதில்லை" என்பார். இந்தச் சிக்கனம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

நிற்க. நமக்குத் தாமதமாகவேனும் படி வருகிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜனவரி முதல் மூன்று தவணைகள் நிறுத்தப்பட்டன. 2021 ஜூலையில் 17 என்பது 28 ஆயிற்று. இடைப்பட்ட பதினெட்டு மாத நிலுவை வரவில்லை. அதனைக் குறித்து நாமும் உரக்கவே முறையிட்டோம். ஆனால் நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையாருக்குப் படி ஏது, தவணை ஏது? 'மாவ்ஷி' என்று அவரை அழைக்கிறோம். தாயின் உடன்பிறந்தாள் என்பது அம்மராத்திச் சொல்லின் பொருள். அவருடைய கூலி மூன்றாண்டுகளாக ஒரே நிலையில் இருந்ததை, கணக்கெழுதுவதையே தொழிலாகக் கொண்ட நாம் கவனிக்கவில்லை. ஒருநாள் அவரே கூட்டிக் கேட்டபோது, "விலைவாசி இப்படி இருக்கையில் எங்ஙனம் கூட்டுவது?" என்றோம். சொல்லி முடித்த பின்னரே அச்சொல் நமக்கு உறைத்தது. அவரும் அதே கடையில்தானே எண்ணெய் வாங்குகிறார்? நாணினோம், அம்மாதமே கூட்டினோம்.

ஆதலின் இரண்டு வேண்டுகோள்கள். பத்துக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து அரிசியையும் பருப்பையும் இத்வாரி மொத்தக் கடைகளில் மூட்டையாக வாங்கிப் பகிர்ந்துகொள்வோம். நமக்குப் படி உயரும்போதெல்லாம், நம் இல்லங்களில் உழைப்போரின் கூலியையும் உயர்த்துவோம்.

இல்லத்தலைவர்கள் இன்றிரவு வீட்டில் பால் டம்ளர்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.