தூளிப் படுக்கை வாங்கக் கிளம்புவதற்கு முன்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் போதும், கூடாரத்தை வீட்டில் வைத்துவிட்டு இரண்டு மரங்களுக்கு நடுவே படுக்கை கட்டிக் காட்டில் ஓர் இரவைக் கழிக்கும் ஆசை நம் இளைஞர்களிடம் கிளம்பிவிடுகிறது. கடையில் ‘ஹேமக்’ என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தாயினோ மக்களின் சொல்லிலிருந்து வந்தது. நமக்கோ இது புதிய பொருளே அல்ல. தோட்டத்து லயங்களில் விட்டத்தில் புடவைத் தொட்டில் தொங்காத வீடு எது? ஆகவே இன்று நான் இதைத் தூளிப் படுக்கை என்றே சொல்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர் செய்வது என்ன? இருக்கும் பணத்தில் பெரும்பகுதியைப் படுக்கைத் துணிக்கே கொடுத்துவிடுகிறார். நிறம் பார்க்கிறார், பையில் எவ்வளவு சிறியதாக மடிகிறது என்று பார்க்கிறார். கட்டுவதற்குக் கடைக்காரர் இலவசமாகத் தரும் மெல்லிய கயிறே போதும் என்று நினைத்துக்கொள்கிறார். என் கருத்து இதற்கு நேர்மாறானது. நம் நாட்டுக் காட்டில் படுக்கைத் துணிக்குக் கடைசி இடம்தான். கட்டும் பட்டை, மேலே விரிக்கும் கூரைத்துணி, கொசுவலை ஆகிய மூன்றும்தான் உங்களை விடியும்வரை காப்பாற்றும். கையில் 200 வெள்ளி இருந்தால் 150 வெள்ளியை இந்த மூன்றுக்கும் ஒதுக்குங்கள்.

முதலில் பட்டையைப் பார்ப்போம். புடவைத் தொட்டிலில் துணியின் இரு பக்கமும் ஏறக்குறைய நேராக மேலே ஏறிப்போகும். குழந்தையின் எடையில் பாதியை ஒரு பக்கமும் மறுபாதியை மற்றப் பக்கமும் தாங்கும். மரத்துக்கு மரம் கட்டும்போது கதை மாறிவிடுகிறது. பட்டை சாய்வாகப் போவதால் அது சுமக்கும் விசை கூடுகிறது. படுப்பவரின் எடை 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தரைக்கு இணையான கோட்டிலிருந்து பட்டை 30 பாகை உயர்ந்து சென்றால், ஒவ்வொரு பக்கத்திலும் 80 கிலோ இழுவை. துணி உலர்த்தும் கயிறு போல விறைப்பாக இழுத்துக் கட்டி அந்தக் கோணம் 10 பாகைக்கு இறங்கிவிட்டால், ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 230 கிலோ. 5 பாகை என்றால் 450 கிலோவைத் தாண்டிவிடும். படுப்பவர் அதே ஆள்தான், ஆனால் பட்டைக்கும் மரத்துக்கும் அவர் ஐந்து மடங்குக்கு மேல் கனக்கிறார். நடு இரவில் அறுந்து முதுகு தரையில் மோதும் விபத்துக்கு, கட்டியவரின் இந்த விறைப்பு ஒரு முக்கியக் காரணம்.

கோணமானியை யாரும் காட்டுக்கு எடுத்துப் போவதில்லை. கையைத் துப்பாக்கி போல வைத்துக்கொள்ளுங்கள். சுட்டுவிரல் தரைக்கு இணையாக நீளட்டும், கட்டைவிரல் நிமிர்ந்து நிற்கட்டும். சுட்டுவிரல் நுனியிலிருந்து கட்டைவிரல் நுனிக்குப் போகும் சாய்வில் பட்டை இருந்தால் ஏறக்குறைய 30 பாகை வந்துவிடும். படுக்கை வாழைப்பழம் போல வளைந்து தொங்குகிறதே என்று பயப்பட வேண்டாம். அப்படித்தான் தொங்க வேண்டும். அதில் நேர்நீளத்தில் படுக்காமல், தலையை ஒரு மூலைக்கும் காலை எதிர் மூலைக்கும் கொடுத்துக் குறுக்காகப் படுத்தால் முதுகு சமமாகிவிடும். இதற்காகத்தான் துணி நீளமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் உயரத்தோடு ஒன்றேகால் மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு 3.3 மீட்டர் வசதியான அளவு. மலிவாகக் கிடைப்பவை பல 2.7 மீட்டருக்குள்தான் இருக்கும். பிற்பகலில் அரை மணி நேரம் சாய்ந்து கிடக்க அது போதும், இரவு முழுவதும் உறங்க இடுப்பு ஒத்துக்கொள்ளாது. இரு முனையிலும் கட்டை கோத்து விரித்து வைத்திருக்கும் கடற்கரை விடுதி ரகத்தைக் காட்டுக்கு எடுத்துப் போகவே போகாதீர்கள். புரண்டு படுத்தால் கவிழ்த்துவிடும்.

பட்டையின் அகலம் 2.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெல்லிய கயிறு மரத்தின் தோலை அறுக்கும். மரம் தன் உணவைக் கொண்டுசெல்லும் பாதை அந்தத் தோலுக்கு ஒட்டித்தான் இருக்கிறது. பாலியெஸ்டர் பட்டை என்று கேட்டு வாங்குங்கள். நைலான் எடை ஏறினால் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். படுக்கும்போது நாற்காலி உயரத்தில் இருந்த படுக்கை விடியும்போது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். தரையில் அட்டைகள் காத்திருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது கூரைத்துணி. வானம் நிர்மலமாக இருக்கிறதே என்று அதை விரிக்காமல் படுப்பவர்களும் இருக்கிறார்கள். நம் நாட்டில் மாலை வானத்தை நம்பி இரவைத் திட்டமிட முடியாது. 3.3 மீட்டர் படுக்கை கட்டி முடித்தபின் முனைக்கு முனை ஏறக்குறைய 2.75 மீட்டர் இடத்தைப் பிடிக்கும். 3 மீட்டர் சதுரத் துணியை நேராக விரித்தால் ஒவ்வொரு முனையிலும் ஒரு சாண்கூட மிஞ்சாது. காற்றோடு மழை பெய்தால் தலைப்பக்கம் நனைந்துவிடும். அதனால் 4 மீட்டருக்கு 3 மீட்டர் அளவுள்ளதை வாங்கி, நீளப் பக்கம் படுக்கையோடு ஓடும்படி கட்டுங்கள். இன்னொரு சிறு நுணுக்கம் உண்டு. மரத்தில் வழியும் மழைநீர் பட்டை வழியாகவே இறங்கி வந்து படுக்கையை நனைக்கும். கூரைக்கு உட்பட்ட இடத்தில், படுக்கையின் முனைக்குச் சற்று முன்னதாக, பட்டையில் ஒரு பருத்தி நூலை முடிந்து தொங்கவிட்டால் நீர் அந்த நூல் வழியே சொட்டிவிடும். காசே செலவில்லாத இந்த நூலை விளம்பரங்களில் பார்க்கவே முடியாது.

கொசுவலை தூக்கத்துக்காக மட்டுமல்ல. 2004ஆம் ஆண்டு சரவாக், காப்பிட் வட்டாரத்து நோயாளிகளைப் பரிசோதித்த பேராசிரியர் பால்பீர் சிங் குழுவினர், குரங்குகளிடம் காணப்படும் ‘நோலெசி’ மலேரியா மனிதர்களுக்கும் பரவலாகத் தொற்றுகிறது என்று உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். மலேசியாவில் இப்போது உள்நாட்டில் தொற்றும் மலேரியா பெரும்பாலும் இந்த வகைதான். நீள்வால் குரங்கும் பன்றிவால் குரங்கும் உள்ள காட்டில், பொழுது சாய்ந்தபின் கடிக்கும் காட்டுக் கொசுக்களால் இது பரவுகிறது. வலை மேலே மட்டும் இருந்தால் போதாது. முதுகோடு ஒட்டிய மெல்லிய துணியைத் துளைத்துக் கீழிருந்தும் கொசு கடிக்கும். இரட்டைத் துணி வைத்துத் தைத்த படுக்கையையோ, படுக்கையையே முழுதாக உள்ளே வைத்து மூடும் வலையையோ தேர்ந்தெடுங்கள். காட்டிலிருந்து திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், காட்டில் தங்கியதை மருத்துவரிடம் நீங்களே முந்திச் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் எதற்குப் போர்வை என்று நினைப்பவர்கள் பின்னிரவு மூன்று மணிக்கு விழித்துக்கொள்வார்கள். கீழே காற்று ஓடுவதால் முதுகுதான் முதலில் சில்லிடும். தாழ்நிலக் காடுகளுக்கு ஒரு மெல்லிய நுரைப்பாயை உள்ளே போட்டுக்கொண்டால் போதும். கேமரன் மலை போன்ற இடங்களுக்குப் போவதானால் படுக்கைக்கு வெளியே அடியில் கட்டும் அடிப்போர்வையைப் பற்றி யோசிக்கலாம். முதல் பயணத்துக்கே அதை வாங்குவது வீண் செலவு.

கருவிகளை விட்டு ஒரு நிமிடம் இடத்துக்கு வருகிறேன். தூளிப் படுக்கைக்குச் சமதரை வேண்டாம், சரிவிலும் கட்டலாம், ஆற்றோரத்திலும் கட்டலாம் என்று பெருமையாகச் சொல்வார்கள். கட்ட முடியும் என்பது உண்மை. கட்டலாமா என்பது வேறு கேள்வி. 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியும் முன், பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின் மேல் மலைச்சரிவு இடிந்து விழுந்து 31 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் அவை. மலாயில் ‘கெப்பாலா ஆயேர்’ என்று சொல்லும் திடீர் நீர்ப்பெருக்கு, நாம் இருக்கும் இடத்தில் ஒரு துளி மழை பெய்யாதபோதும் மேலே பெய்த மழையால் வந்து சேரும். நல்ல பட்டை வாங்கியவருக்கும் இந்த இரண்டு இடங்களும் ஆகாது. மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அடிமரத்தை மட்டும் பார்க்காமல் அண்ணாந்தும் பாருங்கள். காய்ந்த கிளை ஒன்று மேலே தொங்கினாலே அந்த மரம் வேண்டாம். பட்டுப்போன மரத்தில் கட்டவே கூடாது. நிரந்தர வனங்களுக்குள் போவதானால் வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. வாங்கியதும் வீட்டில் கட்டிப் பார்க்கத் தோன்றும். கார் நிறுத்தும் இடத்தின் செங்கல் தூண்களில் தயவுசெய்து கட்டாதீர்கள். மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டிய தூண் அது, பக்கவாட்டு இழுவைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. நான் முன்பு சொன்ன கணக்கில் 10 பாகைக் கட்டு என்றால், தூணைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை மட்டுமே 220 கிலோவைத் தாண்டும். பிள்ளைகள் இரண்டு பேர் ஏறி ஆடினால் இன்னும் மோசம். கார் நிறுத்தும் இடம் அருகிலேயே உள்ள, முறையாக நடத்தப்படும் ஒரு முகாம் தளத்தில் முதல் இரவைப் போடுங்கள். அன்று மழை வந்தால் நல்லதுதான், கூரை கட்டிய விதம் சரியா என்று தெரிந்துவிடும். நனைந்துபோனால் காருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.